ஓய்வு முதலில், முடிவு பிறகு: வேலையிலிருந்து விலகி நின்று யோசிக்க விரும்பும் ஒருவருக்கு விரிவான பதில்

படிக்கும் மற்றவர்களுக்கும் பின்னணி புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியின் சாரத்தை முதலில் தருகிறேன். உங்களுக்கு 38 வயது. மென்பொருள் துறையில் 14 ஆண்டுகள் உழைத்திருக்கிறீர்கள். சென்னையில் இப்போதைய நிறுவனத்தில் சேர்ந்து நான்கு ஆண்டு ஏழு மாதம் ஆகிறது. மாதச் சம்பளம் 1,60,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 80,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 32,000 ரூபாய் வாங்குகிறார். மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டுக் கடனுக்கு மாதம் 42,000 ரூபாய் தவணை போகிறது. புதுக்கோட்டைக்கு அருகே சொந்த ஊரில் பெற்றோரும் இரண்டு ஏக்கர் நிலமும் இருக்கிறார்கள்; அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. பி.எஃப். தவிர கையில் 14 லட்சம் ரூபாய் சேமிப்பு உண்டு. ஓராண்டாகக் காலையில் கண் விழிக்கும்போதே வேலையை நினைத்து நெஞ்சு கனக்கிறது, ஊருக்குப் போய் விவசாயம் பார்க்கலாமா, கணக்கு ஆசிரியராகிவிடலாமா என்று மனம் அலைகிறது, அடுத்த வேலை கைவசம் இல்லாமலேயே பேப்பர் போட்டுவிட்டு, அதாவது ராஜினாமா செய்துவிட்டு, ஓராண்டு விலகியிருந்து வாழ்க்கையை மறுபடி யோசிக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

மனிதவளத் துறையில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில், இப்படி விலகிப் போனவர்களின் ராஜினாமாக் கடிதங்களை வாங்கியிருக்கிறேன். அவர்களில் பலர் திரும்பி வந்தபோது நேர்காணலிலும் உட்கார்ந்திருக்கிறேன். யோசிப்பதற்காக விலகுவதில் தவறே இல்லை. ஆனால் நான் பார்த்தவரை, அந்த இடைவெளி பயனில்லாமல் போனவர்களிடம் பொதுவாக ஒன்று இருந்தது. களைப்பைப் போக்குவதையும் வாழ்க்கையை மறுபரிசீலனை செய்வதையும் அவர்கள் ஒரே காலத்தில் செய்ய முயன்றார்கள். களைத்த மனம் எந்தக் கேள்வியைக் கேட்டாலும் 'இதிலிருந்து ஓடிவிடு' என்ற ஒரே பதிலைத்தான் தரும். அந்தப் பதிலை வாழ்க்கைத் தீர்மானம் என்று நம்பி நிலத்தையோ சேமிப்பையோ பணயம் வைத்துவிட்டு, உடம்பு தேறிய பிறகு வருந்தியவர்களை எனக்குத் தெரியும். ஆகவே நீங்கள் எத்தனை மாதம் எடுத்துக்கொண்டாலும் முதல் பகுதி ஓய்வுக்கு மட்டும், அடுத்த பகுதிதான் யோசனைக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பணக் கணக்கு, விடுப்பா ராஜினாமாவா என்ற கேள்வி, வீட்டாரிடம் பேசுவது ஆகிய மூன்றையும் இந்தப் பிரிவினையை வைத்தே பார்க்கப் போகிறேன்.

அதற்கும் முன்பாக உடம்பையும் மனத்தையும் ஒரு மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் தன் ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியலில், 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் பதிப்பில், பணிச்சோர்வை ஒரு நோயாக அன்றி வேலை சார்ந்த நிலையாக வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கு மூன்று கூறுகளைச் சொல்கிறது: சக்தி வற்றிப்போன உணர்வு, வேலையிலிருந்து மனம் விலகி அதைக் கசப்போடு பார்ப்பது, முன்பு போல வேலை செய்ய முடியவில்லை என்ற எண்ணம். நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் இதோடு ஒத்துப்போகிறது. ஆனால் வேலையில் மட்டுமல்லாமல் மகளோடு விளையாடுவது, பிடித்த சாப்பாடு, நண்பர்கள் என்று எதிலும் ருசி இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் கழிகிறது, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து பிறகு தூக்கம் பிடிப்பதில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேண்டும். வேலையை விடுவது அதற்கு மருந்தாகாது. நாள் முழுவதும் தனியாக வீட்டில் இருப்பது சில சமயம் அதை அதிகப்படுத்தியும் விடும். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். கூடவே தைராய்டு, பி12, ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகிய சாதாரண ரத்தப் பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தைராய்டு குறைவால் வந்த அசதியை வாழ்க்கையின் அர்த்தமின்மை என்று எண்ணிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி என் அலுவலகத்திலேயே இருந்தார். மாத்திரை தொடங்கிய பிறகு அவர் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இனி விடுப்பா, ராஜினாமாவா என்பதற்கு வருவோம். பேப்பர் போடும் முன் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பாருங்கள். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை நீண்ட விடுப்புக்கான விதி கையேட்டிலேயே இருக்கும். யாரும் கேட்பதில்லை என்பதால் மேலாளர்களுக்கே அது தெரிந்திருப்பதில்லை. மேலாளரிடம் வாய்மொழியாகக் கேட்டு அவர் தயங்கியதோடு விட்டுவிடாமல், எச்.ஆர். (மனிதவள) பிரிவுக்கு மின்னஞ்சலில் எழுதி, அந்த விடுப்புக் காலத்தில் நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு தொடருமா, திரும்பும்போது அதே நிலையில் பணி தரப்படுமா என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். அனுமதி பெற்ற விடுப்பு உங்கள் தொடர்ச்சியான பணிக்காலத்தை முறிக்காது. அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு இந்த வழி இன்னும் அகலமானது. மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பே பணிக்காலம் முழுவதுக்குமாக 730 நாட்கள் உண்டு, அது போக அசாதாரண விடுப்பும் படிப்பு விடுப்பும் இருக்கின்றன. அரசு வேலையில் இருந்துகொண்டு இதே கேள்வியைக் கேட்பவர்கள் ராஜினாமா என்ற சொல்லையே எடுக்க வேண்டியதில்லை.

உங்கள் விஷயத்தில் விடுப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணிக்குப் பிறகே உரிமையாகிறது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். உங்கள் 80,000 ரூபாய்க்கு ஐந்து ஆண்டு என்றால் சுமார் 2,30,000 ரூபாய் வருகிறது. இன்று கடிதம் கொடுத்து 90 நாள் நோட்டீஸ் முடித்தால் நான்கு ஆண்டு பத்து மாதத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். ஐந்தாம் ஆண்டில் 240 நாட்கள் முடித்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அதைக் காட்டி நீங்கள் கேட்கலாம். ஆனாலும் பல நிறுவனங்கள் முழு ஐந்தாண்டு என்பதில் பிடிவாதமாக நிற்கும், களைத்திருக்கும் ஒருவர் அதற்காகத் தொழிலாளர் துறைக்கு அலைய முடியாது. மூன்று மாத விடுப்பு கிடைத்து, திரும்பி வந்து, அப்போதும் விலகத்தான் வேண்டும் என்று தோன்றினால் நோட்டீஸ் காலத்தோடு சேர்த்து ஐந்தாண்டைத் தாண்டிவிடுவீர்கள். விடுப்பு கிடைக்காவிட்டாலும் கடிதத்தை இரண்டு மாதம் தள்ளிக் கொடுப்பது எல்லா வகையிலும் நல்லது.

பணக் கணக்கை நீங்கள் தந்த எண்களிலேயே போட்டுப் பார்த்தேன். தவணை 42,000, வீட்டுச் செலவு 33,000, பள்ளிக் கட்டணத்தை மாதத்துக்குப் பிரித்தால் 10,000, பெற்றோருக்கு 10,000, காப்பீடுகளுக்கு 6,000 என்று மொத்தம் 1,01,000 ரூபாய் ஆகிறது. மனைவியின் சம்பளம் போக மாதம் 69,000 ரூபாய் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டும். ஓராண்டு விலகியிருந்தால் 8,28,000 ரூபாய் தானே என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்; அதில் ஒரு பெரிய செலவு விடுபட்டிருக்கிறது. ஓராண்டு முடிந்த மறுநாள் வேலை கிடைத்துவிடாது. 14 ஆண்டு அனுபவமும் அதற்கேற்ற சம்பளமும் உள்ளவருக்குத் தகுந்த இடம் அமைய, நேர்காணல்கள், பின்னணிச் சரிபார்ப்பு, முதல் சம்பளம் என்று எல்லாம் சேர்த்து ஆறு மாதத்தை ஒதுக்குவதுதான் விவேகம். அப்படிப் பார்த்தால் 18 மாதத்துக்கு 12,42,000 ரூபாய். உங்கள் 14 லட்சத்தில் மீதி ஒன்றரை லட்சம்தான் நிற்கும். ஸ்டென்ட் வைத்த தகப்பனார் இருக்கும் வீட்டில் அது போதாது. ஆறு மாதம் விலகியிருந்து ஆறு மாதம் வேலை தேடுவதாக வைத்துக்கொண்டால் 8,28,000 போக ஐந்தே முக்கால் லட்சம் கையில் இருக்கும், பணிக்கொடை வந்தால் எட்டு லட்சம். இதனால்தான் ஓராண்டு வேண்டாம், ஆறு மாதம் போதும் என்று சொல்கிறேன். பயந்துகொண்டே கழிக்கும் ஓராண்டில் யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. எட்டாவது மாதத்தில் சேமிப்புக் கணக்கைப் பார்த்துப் பதறி, முதலில் வந்த வேலையில், முன்பைவிடக் குறைந்த சம்பளத்தில் சேர்ந்தவர்கள் உண்டு.

பி.எஃப். பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வேலையை விட்டு இரண்டு மாதம் ஆனால் முழுவதையும் எடுத்துவிடலாம் என்று பலரும் எண்ணியிருக்கிறார்கள். முழுத் தொகைக்கான காத்திருப்பை 12 மாதமாக நீட்டவும், கணக்கில் 25 சதவீதத்தைக் குறைந்தபட்ச இருப்பாக வைக்கவும் வைப்புநிதி (பி.எஃப்.) அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு 2025 அக்டோபரில் முடிவெடுத்திருக்கிறது. எடுக்க முடிந்தாலும் எடுக்கக் கூடாது என்பதே என் கருத்து. 2024-25க்கு அறிவிக்கப்பட்ட வட்டி 8.25 சதவீதம்; வேலையில் இல்லாத காலத்திலும் அந்தக் கணக்கில் வட்டி சேரும், அந்தக் கால வட்டிக்கு வரி உண்டு என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். வருமான வரியில் உங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருப்பதால், செப்டம்பர் இறுதியில் விடைபெற்றால் அந்த நிதியாண்டில் உங்கள் சம்பளம் 9,60,000 ரூபாயோடு நின்றுவிடும். அதுவரை முழு ஆண்டுச் சம்பளத்தை வைத்துப் பிடித்த வரி, கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்பக் கிடைக்கும். விலகும்போது நிறுவனம் தர வேண்டிய பாக்கியைப் பொறுத்தவரை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியத்தைத் தரச் சொல்கிறது. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் இழுத்த இடங்களையும் பார்த்திருக்கிறேன், ஆகவே அந்தப் பணத்தை நம்பித் தவணைத் தேதியை வைத்துக்கொள்ள வேண்டாம். கையிலுள்ள சேமிப்பை வீட்டுக் கடனில் கட்டிச் சுமையைக் குறைத்துவிடலாம் என்றும் பலருக்குத் தோன்றும். வருமானம் இல்லாத காலத்தில் கையிருப்புப் பணமே பெரிய பலம், அதைக் கடனில் கொண்டுபோய்ப் போடாதீர்கள்.

காப்பீடுதான் நான் அதிகம் கவலைப்படும் இடம். நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும், உங்களோடு சேர்ந்து அப்பா, அம்மாவின் பாதுகாப்பும் போய்விடும். புதிதாகப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். அப்பாவின் இதயத்துக்கு அந்த மூன்று ஆண்டும் பாதுகாப்பு இருக்காது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள விதி இடம் தருகிறது, அப்படி மாறும்போது குழுக் காப்பீட்டில் கழித்த காலம் காத்திருப்பில் கழித்துக்கொள்ளப்படும். குறைந்தது ஒரு மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் நோட்டீஸ் கொடுத்த முதல் வாரத்திலேயே இதைத் தொடங்கிவிடுங்கள். அப்பாவின் பிரீமியம் கனமாகத்தான் இருக்கும், மேலே சொன்ன 6,000 ரூபாய் கூடலாம்; அதற்காக இதை விட்டுவிடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ, ஆயுள் காப்பீடுகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது சிறிய ஆறுதல். உங்கள் பெயரில் டெர்ம் காப்பீடு (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) இல்லையென்றால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், வேலை இல்லாதவருக்கு அதைத் தரக் காப்பீட்டு நிறுவனங்கள் தயங்கும். பி.எஃப். உறுப்பினராக இருப்பதால் தானாகவே கிடைத்துவந்த, ஏழு லட்சம் ரூபாய் வரையிலான இ.டி.எல்.ஐ. என்ற ஆயுள் காப்பீடும் வேலையோடு போய்விடுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகு, விலகியிருக்கும் ஆறு மாதத்தை எப்படிக் கழிப்பது என்ற கேள்வி வருகிறது. முதல் இரண்டு மாதம் எந்தப் பெரிய முடிவும் எடுப்பதில்லை என்று உங்களுக்கும் மனைவிக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். நிலத்தைப் பற்றியோ வீட்டை விற்பதைப் பற்றியோ புதுத் தொழிலைப் பற்றியோ அந்த இரண்டு மாதம் பேச்சே எடுக்கக் கூடாது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் இப்படி விலகியபோது அவர் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். முதல் சில வாரங்கள் காலை ஒன்பதரை மணி நெருங்கும்போது, அன்றாட ஸ்டாண்ட்-அப் கூட்டத்தின் நேரம் என்பதால், அவர் கை தானாகவே போனைத் தேடும். வேலை செய்யாமல் உட்கார்ந்திருப்பது தாங்காமல் வீட்டு மளிகைக்கு எக்ஸெல் ஷீட் போட்டு, எந்தப் பருப்பு எத்தனை நாளைக்கு வருகிறது என்று மனைவியிடம் கணக்குக் கேட்டார். அந்த அம்மாள் ஒருநாள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்து, 'நீங்க ஆபீஸுக்கே போயிடுங்க' என்று அழுதுவிட்டார். அதற்குப் பிறகுதான் அவர் பகலில் தூங்க ஆரம்பித்தார். சாப்பிட்டதும் தூங்கினார், மாலையில் கடற்கரை வரை நடந்தார், வேறொன்றும் செய்யவில்லை. இரண்டாம் மாத முடிவில், வேலையை வெறுத்ததற்குக் காரணம் கோடிங் அல்ல, அமெரிக்க நேரத்துக்கு நடந்த இரவுக் கூட்டங்கள்தாம் என்று அவராகவே சொன்னார். முதல் வாரத்தில் கேட்டிருந்தால் கம்ப்யூட்டரையே இனித் தொட மாட்டேன் என்று சொல்லியிருப்பார்.

ஆராய்ச்சிகளும் இதற்கு அருகில்தான் வருகின்றன. சாதாரண விடுமுறையில் கிடைக்கும் நலன் வேலைக்குத் திரும்பிய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கரைந்துவிடுகிறது என்று ஜெசிகா டி ப்ளூமும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். நீண்ட விடுப்பு எடுத்த பல்கலைக்கழக ஆசிரியர்களை இஸ்ரேல், அமெரிக்கா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் பார்த்து 2010இல் வெளியான ஆய்வு, வேலையிலிருந்து மனத்தளவிலும் விடுபட்டவர்களுக்கே அதிகப் பயன் கிடைத்தது என்று சொல்கிறது. ஆகவே பழைய அலுவலக வாட்ஸ்ஆப் குழுக்களிலிருந்து முதல் நாளே வெளியேறுங்கள். 'ஒரு சின்னச் சந்தேகம்' என்று வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு உங்களுக்கு இல்லை. வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் செயலியையும் இந்த இரண்டு மாதம் போனிலிருந்து எடுத்துவிடலாம்.

இந்தக் காலத்தில் எங்காவது போய்த் தங்க வேண்டும் என்று தோன்றினால் தமிழ்நாட்டிலேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில் இயேசு சபைத் துறவி அமா சாமி நிறுவிய போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையம், குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் 1950இல் தொடங்கப்பட்ட சாந்திவனம் ஆசிரமம், பொள்ளாச்சிக்கு அப்பால் வேதாத்திரி மகரிஷியின் ஆழியாறு அறிவுத் திருக்கோயில் ஆகியவை எனக்குப் பிடித்தவை. சென்னையை ஒட்டித் திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேதுவில் பத்து நாள் விபாசனா தியான வகுப்பு கட்டணமில்லாமல் நடக்கிறது. ஆனால் அதை முதல் மாதத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். பத்து நாள் பேசாமல், நாளெல்லாம் உட்கார்ந்திருப்பது தெம்புள்ள மனத்துக்கு நல்லது. நொந்துபோன மனத்துக்கு அது சில சமயம் பாரமாகிவிடும், அந்த மையங்களே விண்ணப்பத்தில் மனநல வரலாற்றைக் கேட்பது அதனால்தான்.

மூன்றாம் மாதத்திலிருந்து யோசிக்கலாம். அறைக்குள் உட்கார்ந்து யோசிப்பதைவிட, செய்து பார்த்து யோசிப்பது மேல் என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் இரண்டு ஆசைகளையும் எடுத்துக்கொள்வோம். ஊர்ப் பக்கம் கண்மாயையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பிப் புரட்டாசியில் விதைத்தால் தை, மாசியில் அறுவடை. செப்டம்பர் இறுதியில் வெளியே வந்தீர்களென்றால் ஒரு முழுப் பருவமும் உங்கள் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடுகிறது. விதைப்பும் முதல் களையும் ஓய்வுக் காலத்தில் விழும். அவற்றை அப்பாவோ குத்தகைதாரரோ எப்போதும் போலச் செய்யட்டும், நீங்கள் வரப்பில் நின்று பார்த்தால் போதும். பிறகு கூட நின்று உரம் போடுங்கள், மழை தவறினால் மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று காத்திருங்கள், அறுவடை இயந்திரத்துக்கு முறை வாங்குங்கள், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளோடு காத்திருங்கள். கணக்கையும் பாருங்கள். 2025-26 பருவத்துக்குத் தமிழக அரசு ஊக்கத்தொகை சேர்த்துச் சாதாரண ரக நெல்லுக்கு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஏக்கருக்கு இரண்டு டன் விளைந்ததாக வைத்துக்கொண்டாலும் இரண்டு ஏக்கருக்கு ஒரு பருவத்தின் மொத்த வரவு ஒரு லட்சம் ரூபாய். உழவு, விதை, கூலி, உரம், இயந்திர வாடகை எல்லாம் அதில்தான் கழிய வேண்டும். மிஞ்சுவது உங்கள் வீட்டுக் கடனின் ஒரு மாதத் தவணையைத் தாண்டுமா என்பதே சந்தேகம். நிலத்தோடு வாழ்வது வேறு வகைகளில் நிறைவு தரலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிறைவுக்கு வீட்டுக் கடனும் மகளின் சென்னைப் பள்ளியும் இடம் கொடுக்குமா என்பதை ஒரு பருவத்தின் உழைப்புக்குப் பிறகு நீங்களும் மனைவியும் சேர்ந்து முடிவு செய்தால் அதில் தெளிவு இருக்கும்.

ஆசிரியப் பணிக்கு வாயில் வேறு. பள்ளியில் முறையான கணக்கு ஆசிரியராக பி.எட். வேண்டும், அது இரண்டு ஆண்டுப் படிப்பு. பொறியியல் பட்டதாரிகளும் 55 சதவீத மதிப்பெண் இருந்தால் சேர தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) 2014 விதிகள் இடம் தருகின்றன. எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வும் எழுத வேண்டும். இதையெல்லாம் தொடங்கும் முன், அருகிலுள்ள ஒரு மாலை வகுப்பிலோ தெரிந்த பள்ளியின் பத்தாம் வகுப்பிலோ, பொதுத்தேர்வுக்கு முன்னான மாதங்களில் தினமும் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். ஆசிரியை ஒருவரைத் திருமணம் செய்தவர் நீங்கள். விடைத்தாள் கட்டுகளும் பெற்றோர் கூட்டங்களும் சம்பளமும் எப்படி இருக்கும் என்பதை அவரைவிடத் தெளிவாக உங்களுக்கு யாரும் சொல்ல முடியாது. அவரிடம் இதைக் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை என்பதை நான் கவனித்தேன்.

அங்கிருந்து வீட்டுப் பேச்சுக்கு வருகிறேன். இந்த ஆறு மாதம் உங்களுக்கு ஓய்வு, உங்கள் மனைவிக்கு வீட்டின் ஒரே வருமானம் என்ற பாரம். முடிவைச் சொல்வதற்காக அவரிடம் போகாதீர்கள், கணக்குத் தாளை நடுவில் வைத்து முடிவெடுப்பதற்காகப் போங்கள். அவர் நான்கு மாதம் என்று சொன்னால் நான்கு மாதமே சரி. அந்தக் காலத்தில் மகளைப் பள்ளிக்கு விடுவது, மதியச் சாப்பாடு, மின்கட்டணம், மருத்துவமனை ஆகியவற்றை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். அது உதவி செய்வதாக இருக்கக் கூடாது, பொறுப்பாகவே கைமாற வேண்டும். பெண்கள் இதே கேள்வியோடு வரும்போது நிலைமை தலைகீழாக இருப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அவர்கள் விலகிய முதல் வாரத்திலேயே வீட்டுச் சமையல், மாமியாரின் மருத்துவம், குழந்தையின் வீட்டுப்பாடம் எல்லாம் முழுவதுமாக அவர்கள் தலையில் ஏறி, ஆறு மாதமும் ஓய்வென்று ஒரு பகல்கூட இல்லாமல் கழிந்துவிடுகிறது. எந்தெந்த மணி நேரம் தங்களுக்கானது என்பதை விலகும் முன்பே பேசி வாங்கிக்கொள்ளாத பெண்களுக்கு இந்த இடைவெளி பெரும்பாலும் கிடைப்பதே இல்லை.

பெற்றோரிடம் மறைக்காதீர்கள். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வேலையில் இருப்பதுபோல் நடித்து, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அப்பாவின் இதயத்துக்கு அந்த அதிர்ச்சி வேண்டாம். 'ஆறு மாசம் லீவு எடுத்திருக்கேன், பணத்துக்கு ஏற்பாடு இருக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தனியா வச்சிருக்கேன், இந்தத் தேதியில திரும்பச் சேரத் தேடுவேன்' என்று தேதியோடு சொன்னால் அவர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். கல்யாண வீட்டில் இப்போது எங்கே வேலை என்று கேட்கும் உறவினர்களுக்கு விளக்கம் தர வேண்டிய கடமை இல்லை. விடுப்பில் இருக்கிறேன் என்பதே முழுமையான பதில். மகளுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். பதினோரு வயதுக் குழந்தை, அப்பா வேலை போய்விட்டதால் வீட்டில் இருக்கிறார் என்று தானாகவே ஊகித்துக்கொண்டு பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்கவே தயங்கும்.

நான்காம் மாத முடிவில், உங்கள் யோசனை எந்தப் பக்கம் போயிருந்தாலும், வேலை தேடும் ஏற்பாடுகளைத் தொடங்கிவிடுங்கள். பணி விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றை நிறுவனத்தின் மின்னஞ்சல் அடைபடும் முன்பே தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும், பி.எஃப். உறுப்பினர் எண்ணான யு.ஏ.என். கணக்கில் நிறுவனம் உங்கள் விலகல் தேதியைப் பதிந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள், அது விடுபட்டதால் அடுத்த நிறுவனத்தில் பி.எஃப். மாற்றம் மாதக்கணக்கில் முடங்கியவர்கள் இருக்கிறார்கள். நேர்காணலில் இடைவெளியைப் பற்றிக் கேட்பார்கள். உடல்நிலை, உறவினர் வீட்டுத் தொழில் என்று கதை கட்ட வேண்டாம், பின்னணிச் சரிபார்ப்பில் அது நிற்காது. 14 ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தேன், ஆறு மாதம் திட்டமிட்டு விலகியிருந்தேன், இன்ன மாதிரி வேலையைத்தான் தேடுகிறேன் என்று மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிட்டுத் தொழில்நுட்பத்துக்கு வந்துவிடுங்கள். மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தபோது இப்படிச் சொன்னவர்களிடம் நான் அடுத்த கேள்வி கேட்டதில்லை. இடைவெளியைப் பற்றித் தயங்கித் தயங்கி, மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேசியவர்களிடம்தான் கூட இருந்தவர்கள் துருவினார்கள்.

இந்த வாரத்தில் செய்ய வேண்டியவை மூன்று: ரத்தப் பரிசோதனைக்குப் போவது, எச்.ஆர். பிரிவுக்குச் சம்பளமில்லா விடுப்பு பற்றி எழுதுவது, அந்த மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன் மனைவியோடு உட்கார்ந்து கணக்கைப் பார்ப்பது. எச்.ஆர். என்ன பதில் சொல்கிறார்கள் என்பதைத் தெரிவித்தால், அந்த விதிகளைப் படித்துவிட்டு மேலே எழுதுகிறேன்.